பேர் சொல்லி அழுத பாட்டு

புரட்டாசி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. காவாந்தண்டலத்து ஏரிக்குக் கீழே சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. சேற்றின் மேல்தண்ணீர் சுட்டது, கால் புதையும் இடம் சில்லென்றிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னுக்கு நகர்ந்தபடி நாற்றை ஊன்றிக்கொண்டு போனார்கள். வரப்பில் பரிமளாவின் தூக்குச்சட்டி மேல் சாய்த்து வைத்திருந்த போன், ஒரு பாட்டு முடிந்தால் தானாக அடுத்ததைப் பாடிக்கொண்டிருந்தது.

ஒற்றைக் கம்பியைத் தட்டும் கிட்டார் சத்தத்தோடு ஒரு பாட்டு ஆரம்பித்தது. பிறகு பம்பை சேர்ந்தது. நேராகப் போகாமல், ஓர் அடி குறைந்த தாளமாக விழுந்து விழுந்து எழுந்தது. அதற்கு மேல் ஒரு பெண் அழும் குரல் வந்தது.

செங்கேணியின் கை நாற்றோடு அப்படியே நின்றுவிட்டது.

"யக்கா, இன்னாக்கா இது?" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பரிமளா. "உன் கொரலு மாரியே கீது."

பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல், படித்த இளம்பெண்ணின் தெளிவான குரல், அந்த அழுகையை வாங்கிக்கொண்டு பாடியது.

பெருநகரு மாடி வூடாம் – என் பொண்ணே
பெருமையின்னு குடுத்தேனே
மாடி ஏறிப் பாத்த கண்ணு – இப்ப
மண்ணப் பாத்துப் படுத்திருக்கே

"நிறுத்துடி" என்றாள் செங்கேணி.

பரிமளா வரப்புக்கு ஓடினாள். இரண்டு கையிலும் முழங்கை வரை சேறு. கால்வாயில் அலம்பி, முந்தானையில் துடைத்துக்கொண்டு போனைத் தொடுவதற்குள் அடுத்த அடியும் வந்துவிட்டது.

எல்லம்மா வூட்டுச் சோறு – என் தாயே
எண்ணி வச்ச சோறுன்னியே
எண்ணிச் சோறு தின்ன வாயி – இப்ப
வாய்க்கரிசி தின்னுதடி

அங்கே நட்டுக்கொண்டிருந்த எல்லோரும் இந்த வரிகளை முன்பே கேட்டவர்கள். போன வருஷம் ஆடியில், செங்கேணியின் மகள் இளவரசி பெருநகரில் மாமியார் எல்லம்மாள் வீட்டில் தூக்கில் தொங்கியபோது, வேன் வைத்துக்கொண்டு போய்ப் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள். அன்று செங்கேணி மகளின் தலைமாட்டில் இருந்து இதைச் சொல்லி அழுதபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடவே மாரடித்து அழுதார்கள். இன்றைக்கு எல்லோரும் இடுப்பை நிமிர்த்தி, கையில் நாற்றோடு அவளையே பார்த்தார்கள்.

"வினோத்து பாட்டா இது?" என்று யாரோ கேட்டார்கள்.

செங்கேணி குனிந்து நாற்றை ஊன்றினாள். அவள் நட்ட இடத்தில் அன்றைக்கு வரிசை கோணிப்போயிருந்தது.

செங்கேணியின் மகன் வினோத்குமார் டிப்ளமோ படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். விடியும்முன் கம்பெனி பஸ் ஏறுவான். வேலை முடிந்தால் நேரே உத்திரமேரூர் பஜாரில் மக்பூல் பாயின் செருப்புக் கடை மாடிக்குப் போய்விடுவான். பாயின் மகன் அஸ்லமும் இவனும் ஒன்றாகப் படித்தவர்கள். மாடியறையில் சுவரை மறைத்துச் செருப்புப் பெட்டிகளை அடுக்கியிருந்ததால் சத்தம் எதிரொலிக்காது. அங்கேயே ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்து அஸ்லம் ரெக்கார்டிங் செய்தான். வினோத் பாட்டுக் கட்டி, கிட்டார் வாசித்தான். அருள்தாஸ் பம்பையும் டிரம்ஸும் வாசித்தான். செங்கல்பட்டிலிருந்து சுகிர்தா வந்து பாடினாள். தங்கள் குழுவுக்குக் கலங்கல் என்று பெயர் வைத்தார்கள். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தின் பெயர். முதல் ஆல்பத்துக்கு முதல் போகம் என்று பெயர்.

எட்டுப் பாட்டு. கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுகிறவர்களைப் பற்றி ஒன்று. பாலாற்று மணலைப் பற்றி ஒன்று. போர் போட்டுத் தண்ணீர் வராத கொல்லையைப் பற்றி ஒன்று. தெருக்கூத்துச் சந்தத்தை எடுத்து, ஐந்து தட்டு ஏழு தட்டு என்று முறித்துப் போட்டு, நடுவில் கிட்டார் மட்டும் நெடுநேரம் தனியாகப் போகும். ஊர்ப் பையன்கள் கேட்டுவிட்டு, "இதுக்கு எப்டிரா ஆடறது?" என்றார்கள். ஆல்பம் வெளிவந்து கொஞ்ச நாள் யாரும் சீந்தவில்லை. பிறகு எட்டாவது பாட்டு மட்டும் தீப்பிடித்துக்கொண்டது. சென்னையில் யாரோ அதைப் பற்றி எழுதினார்கள். கேட்டு அழுததாக ஆயிரம் பேர் கீழே எழுதினார்கள். ஒரு பெரிய இசை விழாவில் பாட அழைப்பு வந்தது.

இளவரசியின் சாவன்று குவைத்திலிருந்த தாய்மாமன் வர முடியாமல் வீடியோவில் பார்த்தான். அவனுக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் வினோத். அப்போது பதிவான அம்மாவின் அழுகை அவன் போனிலேயே இருந்தது; எட்டாவது பாட்டு அதிலிருந்து வந்தது.

அன்று பொழுது சாய்ந்து வினோத் வீட்டுக்குள் வந்தபோது செங்கேணி அடுப்படியில் இருந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் தந்தை பச்சமுத்து மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"கை கால் கயுவிகினு வா. துன்னு" என்றாள்.

அவன் தட்டின் முன் உட்கார்ந்த பிறகு கேட்டாள்: "இன்னாடா பண்ணி வச்சிக்கிற?"

அவன் புரிந்துகொண்டான். "சொல்லலாம்னு தான்மா இருந்தேன்."

"எப்ப? ஊரு மொத்தம் கேட்டப்பறமா?"

"கேக்கட்டுமே. அக்காவ இன்னா பண்ணாங்கன்னு ஊரே கேக்கட்டும். நாம அன்னிக்கு வாய மூடிகினு வந்துட்டோம். ஒரு கேஸு இல்ல, ஒண்ணுமில்ல. இந்தப் பாட்டாவது கேக்குதே."

"சாவு வூட்ல அயுதது அங்கியே தீந்துபூடும்டா. அங்க யாரு இன்னா வேணா சொல்லலாம். செத்தவ மாமியார சொல்லலாம், சாமிய சொல்லலாம். பொணம் எடுத்தப்பறம் அத்த யாரும் மனசுல வச்சிக்க மாட்டாங்க. அந்த எல்லம்மா எம்பக்கத்துலதான் குந்திகினு இருந்தா. நான் அவ பேரச் சொல்லி அயுதேன். அவளும் மார்ல அட்ச்சிகினா. அதோட முடிஞ்சிச்சி. நீ அத்த எட்த்தாந்து சந்தைல வச்சிக்கிற."

"இது சந்த இல்லம்மா."

"இன்னா எழவோ. காலாண்டு லீவு வருதே, நெனப்பு கீதா உனுக்கு? திவ்யாவ அனுப்புவாங்களா?"

வினோத் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இளவரசியின் மகள் திவ்யா அப்பாவிடம் பெருநகரில் வளர்கிறாள். வழக்கு கிழக்கு என்று போகாமல் இருந்தால் பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் குழந்தையை அனுப்புவது என்று அப்போது பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் இந்த வீடு ஒரு வருஷமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அத்த எட்த்துடு" என்றாள் செங்கேணி.

"நான் ஒருத்தன் மட்டும் எடுக்க முடியாதும்மா. நாலு பேரு ஒழைச்சிக்கிறோம். ஞாயித்துக்கெழம அவங்களயே கூட்டியாரேன். பேசு."

பச்சமுத்து வெளியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அஸ்லமும் சுகிர்தாவும் வந்தார்கள். மேலே மேகம் திரண்டு புழுக்கமாக இருந்தது. செங்கேணி டீ போட்டு, வேர்க்கடலை வேகவைத்து முறத்தில் கொண்டுவந்து வைத்தாள். சுகிர்தா நாற்காலியில் உட்காராமல் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட கேக்காம செஞ்சது தப்புதாம்மா" என்றாள். "வினோத் சொல்லிட்டான்னு நாங்க நெனச்சுட்டோம். அந்தப் பாட்ட ஒவ்வொரு தடவையும் பாதில நிறுத்திட்டுத்தான் மறுபடி பாடுவேன். உங்க பொண்ணுக்கு நடந்தது எத்தன வீட்ல நடக்குது. அவங்கல்லாம் எங்களுக்கு எழுதுறாங்கம்மா."

"நீ நல்லா பாடற கண்ணு. உம்மேல எனுக்கு கோவம் இல்ல. கடலை துன்னு." செங்கேணி அஸ்லமைப் பார்த்தாள். "அத்த ஒரு வாட்டி முயுசா போடு."

அஸ்லம் போனை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பாட்டு ஓடியது. அழுகை வந்தது, சுகிர்தாவின் குரல் வந்தது, கிட்டார் தனியாக ஏறி இறங்கியது, பம்பை அடங்கியது. செங்கேணி ஒரு கடலையைக்கூட உரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பச்சமுத்து தூணோரம் நின்றார்.

"மீதி எங்க?" என்றாள் செங்கேணி.

"மீதியா?" என்றான் அஸ்லம். "எங்ககிட்ட கீறது இவ்ளோதாம்மா. வினோத்து குடுத்ததே இவ்ளோதான்."

"நான் அப்பறம் ஒண்ணு சொல்லி அயுதேன்."

சுகிர்தா ஆவலோடு நிமிர்ந்தாள். "என்னம்மா அது?"

சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடமாட்டார்கள். செங்கேணி ராகம் இல்லாமல், கடைக்காரரிடம் சாமான் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"வாசல்ல வந்து நின்ன, என் பொண்ணே, வாடின்னு சொல்லலியே. கூடப் பொறந்தவனே ஒன்ன கொண்டு போயி வுட்டானே."

மேற்கே இடி உருண்டது.

"சாவறதுக்கு முன்ன வெள்ளிக்கெழம இங்க வந்தா" என்றாள் செங்கேணி. "தோ, அங்கதான் நின்னா. பைய கூட கீழ வைக்கல. இனிமே போமாட்டேம்மான்னா. ரெண்டு நாளு இருந்துட்டு போடின்னு கூட நான் சொல்லல. வாயிருந்தும் சொல்லல. இவுரு, கொண்டுபோயி வுட்டுட்டு வாடான்னாரு. இவன் பைக்க எடுத்தான். அவ பின்னாடி குந்திகினு திரும்பித் திரும்பிப் பாத்துகினே போனா."

சுகிர்தா வினோத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பாட்டு நீளமா போச்சின்னு தான்..."

"நீளம் இல்லடா" என்றாள் செங்கேணி. "எல்லம்மா பேரு கெடக்குது. உன் பேரு இல்ல."

பச்சமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

சுகிர்தா மெல்ல ஆரம்பித்தாள். "அந்த அடியையும் சேத்துடலாம்மா. வினோத்தே பாடட்டும். அப்ப அது முழு உண்மையா இருக்கும். விழாவுல அப்படியே..."

"எம்பொண்ணு செத்தத இன்னும் எத்தினி வாட்டி பாடுவீங்க கண்ணு?"

சுகிர்தாவின் முகம் செத்துப்போயிற்று. மழை விழ ஆரம்பித்தது. அஸ்லம் எழுந்து, "எடுத்துட்றோம்மா" என்றான். வினோத் அவர்களோடு பைக்கில் போனவன் அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

அஸ்லம் சொன்னபடியே பாட்டை எடுத்துவிட்டான். ஆல்பம் ஏழு பாட்டானது. ஆனால் அதற்குள் யார் யாரோ அதை இறக்கி, தங்கள் பக்கங்களில் ஏற்றியிருந்தார்கள். ஒருவன் அழும் பெண்களின் படங்களைச் சேர்த்து ஏற்றியிருந்தான். ஒருவன் தாளத்தை வேகப்படுத்தி ஆடுவதற்கு வாட்டமாக்கியிருந்தான். எட்டாவது பாட்டு இல்லாமல் வரவேண்டாம் என்று விழாக்காரர்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். பாட்டை எடுத்தது சரியா தப்பா என்று மாடியறையில் சுகிர்தாவும் அருள்தாஸும் சண்டை போட்டுக்கொண்டார்கள். "நீ கட் பண்ணலன்னா அந்தப் பாட்டு நாயமாவாவது இருந்திருக்கும்" என்று சுகிர்தா வினோத்திடம் சொல்லிவிட்டுச் செங்கல்பட்டு பஸ் ஏறினாள். அவள் மறுபடி வரவில்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. பச்சமுத்து மாப்பிள்ளை தினேஷ்குமாருக்கு போன் செய்தார்.

"திவ்யா வராது" என்றான் தினேஷ்குமார். "நீங்க வாங்க. உங்க புள்ளையும் கூட்டினு வாங்க. பேசணும்."

மூன்று பேரும் பெருநகருக்குப் போனார்கள். செங்கேணியும் பச்சமுத்துவும் பஸ்ஸில், வினோத் பைக்கில். வாசலில் நெல் அறுக்கும் மெஷின் தார்ப்பாய் போர்த்தி நின்றது. கூடத்தில் தினேஷ்குமாரும் அவன் பெரியப்பாவும் ஊர்க்காரர்கள் சிலரும் இருந்தார்கள். எல்லம்மாள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வா என்று சொல்லவில்லை. ஆனால் மருமகளின் தாய்க்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள்.

"சம்மந்தி, அன்னிக்கு நீ அயுத" என்றாள் எல்லம்மாள். "எம்பேரச் சொல்லி அயுத. நான் பக்கத்துலதானே இருந்தேன். ஒரு வார்த்த கேட்டனா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல? பெத்தவ வயிறு எரிஞ்சி அயுவுறா, அயுவட்டும்னு வுட்டேன். இப்ப எந்தெருவுல போற பசங்க எங்கூட்டு வாசல்ல வந்து போன்ல அத்த வச்சிகினு போறானுங்க. ரேஷன் கடைல நின்னா, எண்ணிச் சோறு போடறவ வரா பாருன்றாளுங்க. எம்புள்ளைக்கு மறுபடி பொண்ணு பாத்துகினு கீறோம். போற எடத்துல எல்லாம் அந்தப் பாட்டு எங்களுக்கு முன்ன போயி குந்திகினு கீது."

"பாட்டத்தான் எட்த்துட்டோமே" என்றார் பச்சமுத்து.

"எடுத்தா போச்சா?" என்றார் பெரியப்பா. "சாவப் பத்தி ஆபீசரு வந்து விசாரிச்சப்போ இன்னா சொன்னீங்க? வயித்து வலி தாங்காம பண்ணிக்கினான்னு நீங்கதானே சொன்னீங்க, உங்க வாயால? இப்ப அத்தயே இங்க சொல்லுங்க. பாட்டுல கீறது பொய்யின்னு சொல்லுங்க. நாங்க போன்ல புடிச்சி, பாட்டு போன எடத்துக்கெல்லாம் அனுப்பறோம். அப்பறம் கொயந்தய கூட்டினு போங்க. எப்பவும் போல."

தினேஷ்குமார் யாரையும் பார்க்காமல் போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டான். உள்ளறைக் கதவுத் திரைக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. வெள்ளிக் கொலுசு இளவரசியின் சீரில் வந்தது. அதைத் தட்டி அளவு குறைத்திருந்தார்கள்.

"யம்மா, வேணாம்மா" என்றான் வினோத்.

செங்கேணி அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"நான் இளவரசியோட அம்மா. எம்பொண்ணு வயித்து வலியாலதான் செத்துச்சி. மாமியாரு வூட்ல ஒரு கொறையும் இல்ல. நல்லா வச்சிகினாங்க. துக்கத்துல நான் ஏதோ சொல்லி அயுதேன். அது நெசம் இல்ல."

"எல்லம்மா பேரச் சொல்லு" என்றார் பெரியப்பா.

"எல்லம்மா எம்பொண்ண பொண்ணு மாரி பாத்துகிச்சி."

எல்லம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் சொல்லுப்பா" என்றார் பெரியப்பா வினோத்திடம். "ஏன் அப்டி பாட்டு கட்னீங்கன்னு."

போன் அவன் பக்கம் திரும்பியது. "பேரு வாங்கறதுக்காகப் பண்ணிட்டோம்" என்றான். "மன்னிச்சிக்கோங்க."

அன்று அந்தக் கூடத்தில் பேசியவற்றில் அது ஒன்றுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து திவ்யாவை அனுப்பினார்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கையில் துணிப்பை. ஓடிவந்து செங்கேணியின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். எல்லம்மாள் அவள் தலையை வாரிவிட்டு, "ஆயாகிட்ட ஒயுங்கா இருக்கணும். சாப்ட அடம் புடிக்கக்கூடாது" என்றாள். செங்கேணியிடம் திரும்பி, "சரியா சாப்ட மாட்டேங்குது சம்மந்தி. கொஞ்சம் பாத்துக்க" என்றாள். அதில் பகை இல்லை. அதுதான் செங்கேணிக்குத் தாங்கவில்லை.

வெளியே வினோத் பைக்கைக் கிளப்பினான். "கொயந்தய முன்னாடி வச்சிகினு போறேம்மா. சீக்கிரம் பூடலாம்."

"வேணாம்" என்றாள் செங்கேணி. "நாங்க பஸ்ல வரோம்."

அவன் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டபடி நின்றான். பிறகு தனியாகப் போனான்.

உத்திரமேரூர் பஸ்ஸில் கூட்டம் இல்லை. பச்சமுத்து முன்சீட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தை செங்கேணியின் மடியில் சாய்ந்துகொண்டது. வெயில் தாழ்ந்து, இரண்டு பக்கமும் நட்ட பயிர்கள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டியிருந்தன.

மானாம்பதி கூட்டுரோடு தாண்டியதும் திவ்யா கேட்டாள்: "ஆயா, அம்மா வயித்து வலியிலயா செத்துச்சி?"

"ஆமாண்டி கண்ணு."

"எனுக்கும் வலிக்கும்."

"எப்ப?"

"அப்பப்போ. துன்னா வலிக்கும். நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"ஏண்டி சொல்லமாட்ட?"

"சொன்னா செத்துப்பூடுவேன் இல்ல?"

செங்கேணி குழந்தையின் சட்டைக்குள் கையை விட்டு வயிற்றில் வைத்தாள். ஒட்டிக் கிடந்தது. லீவு முடிந்தால் இந்தக் குழந்தை அந்தக் கூடத்துக்குத்தான் திரும்பப் போகவேண்டும். இங்கே சொல்லும் எந்த வார்த்தையும் அதோடு அங்கே போகும்.

"வயித்து வலிக்கெல்லாம் சாவமாட்டாங்கடி" என்றாள்.

"அப்ப அம்மா மட்டும் ஏன் செத்துச்சி?"

உத்திரமேரூர் வருகிற வரைக்கும் செங்கேணி வாய் திறக்கவில்லை. குழந்தையும் மறுபடி கேட்கவில்லை. தூங்கிவிட்டதென்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது.